கணக்கு வரவில்லையா, கேள்வி புரியவில்லையா? ஓசூர் ஆங்கில வழி மாணவி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஓசூர், பாகலூர், சூளகிரி, தளி பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு ஒரு நாளைக்கு மூன்று மொழி வேண்டியிருக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவிலும் கடையிலும் தமிழ், பள்ளி வாசலைத் தாண்டினால் ஆங்கிலம். மூன்றாம், நான்காம் வகுப்பு வரும்போது இவர்களில் சிலருக்குக் கணக்கு மதிப்பெண் சரிகிறது. வீட்டில் உடனே எழும் பேச்சு, "எந்த டியூஷன்ல சேர்க்கலாம்?" என்பதுதான். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு இரண்டு மாலைப்பொழுது போதும். தெரிந்துகொள்ளாமல் சேர்த்தால் ஒரு வருடம் கரைந்துவிடும்.

கீழே வரும் சிறுமியும் குடும்பமும் குறிப்பிட்ட ஒரு வீட்டைச் சேர்ந்தவர்கள் அல்ல. இந்தப் பகுதியில் வழக்கமாகப் பார்க்கும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. விடைத்தாளின் எண்களும் வழிமுறையை விளக்குவதற்காக வைத்தவை. தவறுகள் விழும் விதம் மட்டும், நான்காம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தியவர்களுக்கு நன்கு பழக்கமானது.

நிலைமை

சிறுமிக்கு ஒன்பது வயது. ஓசூரில் தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் மாநிலப் பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்பு. வீட்டில் அவ்வாவோடு (பாட்டி) தெலுங்கு, அம்மாவோடு தெலுங்கும் தமிழும் கலந்து. அப்பா சிப்காட் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அம்மா தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர். "எனக்கு இங்கிலீஷ் வராது, நான் எப்படிச் சொல்லித் தர்றது?" என்பது அம்மாவின் கவலை. பள்ளியில் வகுப்பு நேரத்தில் தமிழ் பேசக் கூடாது என்பது விதி.

இரண்டாம் பருவத் தேர்வில் 36 கேள்விக்கு 24 சரி. முன்னேற்ற அறிக்கையில் 67 சதவீதம் என்று ஒரே எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. விடைத்தாளை வாங்கி இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் படம் தெரிகிறது: எண்களாகவே கொடுத்த 24 கணக்கில் 22 சரி. ஸ்டேட்மென்ட் சம் என்று பிள்ளைகள் சொல்லும் வாக்கியக் கணக்கு 12-இல் 2 மட்டும் சரி.

பெற்றோர் முன்னால் மூன்று வழி இருந்தன. ஒன்று, தெருவிலேயே இருக்கும் டியூஷன்: வாரம் 5 நாள், தினம் ஒன்றரை மணி நேரம், எல்லாப் பாடமும். இரண்டாவது, சனி ஞாயிறு அபாகஸ் வகுப்பு. மூன்றாவது, தமிழ் வழிக்கோ வேறு பள்ளிக்கோ மாற்றிவிடுவது.

ஆங்கில வழி என்பதும் அமிழ்வு முறை என்பதும்

வேற்று மொழியில் மூழ்கவைத்துக் கற்பிக்கும் அமிழ்வு முறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது கனடாவில் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட்டில் 1965-இல் தொடங்கிய வகுப்பு. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே பிரெஞ்சில் பாடம் நடந்தது. அவர்கள் கணக்கில் பின்தங்கவில்லை என்று ஆய்வுகள் காட்டின. "வேற்று மொழியில் படித்தாலும் கணக்கு கெடாது" என்று இங்கே சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த முடிவைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அங்கே அந்த முடிவைத் தந்த ஏற்பாடுகள் வேறு. எல்லாப் பிள்ளைகளும் பிரெஞ்சில் ஒரே தொடக்க நிலையில் இருந்தார்கள். ஆரம்பத்தில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். சில ஆண்டுகளிலேயே ஆங்கிலமும் பாடமாக உள்ளே வந்தது. வீட்டு மொழிக்கு ஊரில் மதிப்பும் புத்தகங்களும் இருந்தன. நம் ஊர் ஆங்கில வழி வகுப்பில் இவற்றில் ஒன்றும் திட்டமிட்டு அமைவதில்லை. வீட்டு மொழியை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வது அமிழ்வு முறை ஆகாது; பிள்ளையின் கையிலிருக்கும் ஊன்றுகோலைப் பிடுங்கி வைப்பதற்குச் சமம்.

இன்னொரு விஷயம் பெற்றோரை ஏமாற்றுகிறது. பிள்ளை "மிஸ், மே ஐ கம் இன்" என்று சரளமாகப் பேசுகிறது, கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கிறது, ஆகவே ஆங்கிலம் வந்துவிட்டது என்று தோன்றும். கனடாவின் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். பேச்சுப் பழக்க மொழி சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடத்துக்கான மொழி வயதுக்குரிய அளவுக்கு வர 5 முதல் 7 ஆண்டு பிடிக்கும். அதுவும் சுற்றிலும் அந்த மொழியே புழங்கும் நாட்டில். நான்காம் வகுப்பு என்பது அந்தப் பாதையின் நடுவழி.

எந்தப் படியில் நிற்கிறாள்: சோதனை

ஆஸ்திரேலியாவின் ஆன் நியூமன் 1970-களில் வகுத்த தவறு ஆய்வு முறை இதற்குப் பொருத்தமானது. வாக்கியக் கணக்கை முடிக்க ஒரு பிள்ளை ஐந்து படி ஏற வேண்டும்: வாசிப்பது, பொருள் புரிவது, அதைக் கூட்டல், கழித்தல் போன்ற ஒரு செயலாக மாற்றுவது, கணக்கைச் செய்வது, விடையைக் கேட்ட வடிவில் எழுதுவது. முதலில் எந்தப் படியில் வழுக்குகிறாளோ அதுவே அந்தத் தவறின் காரணம்.

செய்யும் விதம் எளிது. தவறாகப் போன கேள்விகளை மட்டும் ஒரு தாளில் விடையில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் மாலை ஐந்து கேள்வி, அடுத்த மாலை ஐந்து. ஒரே நேரத்தில் பத்தையும் கேட்டால் பிள்ளை களைத்துப்போய் எல்லாவற்றுக்கும் "தெரியல" என்று சொல்லும். ஒவ்வொரு கேள்விக்கும் வரிசையாக இப்படிக் கேட்க வேண்டும்: "இதைப் படிச்சுக் காட்டு பாப்பா." "என்ன கேக்கறாங்க?" "எப்படிப் போடப் போற?" "போடறப்ப வாயால சொல்லிக்கிட்டே போடு." "விடையை முழுசா எழுது." இடையில் திருத்தக் கூடாது. முகத்திலும் காட்டிக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் இந்தச் சோதனை கெட்டுப்போவது இங்கேதான். மூன்றாவது கேள்வியிலேயே அம்மா கற்பிக்கத் தொடங்கிவிடுவார், பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்து விடை சொல்லத் தொடங்கிவிடும். கேட்பவர் தாளில் கேள்வி எண்ணையும் நின்ற படியையும் மட்டும் குறித்துக்கொண்டால் போதும். "என்ன கேக்கறாங்க?" என்பதற்குப் பதிலைப் பிள்ளை எந்த மொழியிலும் சொல்லலாம். ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்றால் இன்னொரு பரீட்சை வைத்ததாகிவிடும்.

இந்தச் சிறுமியின் பத்துத் தவறுகளில் வாசிப்பில் நின்றது 1, பொருள் புரியாமல் நின்றது 4, செயலாக மாற்றத் தெரியாமல் நின்றது 3, கணக்குச் செய்வதில் 1, விடை எழுதுவதில் 1.

இரண்டு நாள் கழித்து, முதல் மூன்று படிகளில் நின்ற எட்டுக் கேள்விகளையும் எண்களை மாற்றி, தாள் இல்லாமல், தமிழிலும் தெலுங்கிலும் வாயால் கேட்டார்கள். எட்டில் ஆறு சரி. இரண்டு மட்டும் வீட்டு மொழியிலும் தவறு.

எண்ணாகவே கொடுத்த கணக்கில் போன இரண்டையும் சேர்த்தால் மொத்தத் தவறு 12. அந்தப் பன்னிரண்டும் நான்கு கூடைக்குள் அடங்கின: மொழியால் வந்தது 6, நடுவில் பூஜ்யம் வரும் கழித்தலில் 3, ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கில் 2, மீதியை என்ன செய்வதென்று தெரியாதது 1.

மொழியால் வந்த ஆறு

இதில் முக்கியமானது சொல் வரிசை. "80-இலிருந்து 25-ஐக் கழி" என்று தமிழில் சொன்னால் 80 முதலில் காதில் விழுகிறது, 80-ஐ மேலே எழுதிவிட்டு 25-ஐக் கீழே எழுதலாம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே வரிசைதான். ஆங்கிலத்தில் "சப்ட்ராக்ட் ட்வென்டி ஃபைவ் ஃப்ரம் எய்ட்டி" என்று 25 முதலில் வருகிறது. "எய்ட் லெஸ் தன் ட்வென்டி" என்பதும் அப்படியே. 20-ஐவிட 8 குறைவு என்பது தலைகீழாக வருகிறது. ஆங்கிலத்தை வார்த்தை வார்த்தையாக இடமிருந்து வலம் கணக்காக மாற்றும் பிள்ளைக்கு 25 மேலே, 80 கீழே வந்துவிடும்.

இவள் விடைத்தாளில் இந்தக் கணக்குக்கு 65 என்று இருந்தது. பார்த்தவுடன் "கடன் வாங்கத் தெரியவில்லை" என்று சிவப்பு மையால் எழுதத் தோன்றும். 25-ஐ மேலே எழுதியதால் 5-இலிருந்து 0 போனால் 5; அடுத்து 2-இலிருந்து 8 போகாது, ஆகவே திருப்பி 8-இலிருந்து 2-ஐ எடுத்து 6. அப்படி வந்தது 65. தமிழில் கேட்டபோது 80-ஐ மேலே எழுதி, முறையாகக் கடன் வாங்கி 55 என்று சரியாகப் போட்டாள். காகிதத்தில் தெரிந்த தவறும் உண்மையான காரணமும் வேறு வேறு. டியூஷனில் இதைப் பார்க்கும் ஒருவர் இருபது கழித்தல் கணக்கு கொடுத்துப் போட வைப்பார். அத்தனையும் சரியாகப் போட்டுவிட்டு அடுத்த தேர்வில் மறுபடி 65 எழுதுவாள்.

அடுத்தது "ஈச்" என்னும் சின்னச் சொல். "தேர் ஆர் சிக்ஸ் ரோஸ் வித் ஃபிஃப்டீன் சாப்லிங்ஸ் இன் ஈச் ரோ" என்ற கேள்விக்கு 6-ஐயும் 15-ஐயும் கூட்டி 21. "மாந்தோப்புல ஆறு வரிசை, வரிசைக்குப் பதினஞ்சு கன்று, மொத்தம் எத்தனை?" என்று கேட்டதும் 90. தமிழில் "வரிசைக்கு" என்னும் அந்த "-க்கு" பெருக்கலைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சொல் அவள் கண்ணில் படவே இல்லை.

"ஹௌ மெனி மோர்" மூன்றாவது. 34 பையன்கள், 19 பெண்கள், பெண்களைவிடப் பையன்கள் எத்தனை பேர் அதிகம் என்பதுதான் கேள்வி. "மோர்" என்று பார்த்ததும் கூட்டி 53. வீட்டு மொழியில் கேட்டதும் 15.

வாசிப்பில் நின்ற ஒரு கேள்வியில் "குவான்டிட்டி" என்ற சொல் தடுத்தது. அது பெரிய விஷயம் இல்லை.

எண்களின் பெயரிலேயே சில இடறல்கள் உண்டு. "தர்ட்டீன், தர்ட்டி", "ஃபோர்டீன், ஃபார்ட்டி" இரண்டும் வேகமாகச் சொன்னால் ஒன்றாகவே கேட்கும். தமிழில் பதின்மூன்றும் முப்பதும் குழம்ப வழியில்லை. ஆனால் தமிழிலும் ஒரு மேடு இருக்கிறது: 9 ஒன்பது, 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம். தொண்ணூறுக்குள் நூறும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் ஒளிந்திருப்பதால், தமிழில் எண்ணும் பிள்ளை 99-ஐ எழுதும்போது தயங்கலாம். தெலுங்கில் 900 என்பது தொம்மிதி வந்தலு, நேராக ஒன்பது நூறு. ஆகவே பத்து எண்களை வாயால் சொல்லி எழுதச் சொல்வதும் இந்தச் சோதனையில் சேர வேண்டும்: 13, 30, 14, 40, 17, 70, 19, 90, 99, 900. ஆங்கிலத்தில் ஒரு முறை, வீட்டு மொழியில் ஒரு முறை. இவளுக்கு ஆங்கிலத்தில் 17-உம் 70-உம் மாறின.

மீதித் தவறுகள்

503-இலிருந்து 267 போனால் 364 என்று எழுதியிருந்தாள். 800-இலிருந்து 346 போனால் 546. ஒரு வாக்கியக் கணக்கில் 605-இலிருந்து 278 போனால் 473. மூன்றும் ஒரே தவறு: மேலே பூஜ்யம் வந்ததும் கடன் வாங்குவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறாள். இது மொழியைச் சார்ந்தது அல்ல. எந்த மொழியில் கேட்டாலும் வரும். பூஜ்யத்திடம் கடன் கேட்க முடியாது, அதற்கு அடுத்த வீட்டில்தான் கேட்க வேண்டும் என்பது அவள் கைக்கு இன்னும் வரவில்லை.

இதற்குத் தாளும் பென்சிலும் மட்டும் வைத்துப் பயிற்சி கொடுப்பது வீண். காகிதத்தில் வெட்டிய 100, 10, 1 ரூபாய் நோட்டுகள் போதும். சிறுமி கையில் ஐந்து நூறு, மூன்று ஒன்று. பத்து ரூபாய் ஒன்றும் இல்லை. அவ்வா கடைக்காரர், சரக்கின் விலை 267. ஒரு நூறை உடைத்துப் பத்துப் பத்துகளாக வாங்க வேண்டும். அதில் ஒரு பத்தை உடைத்து ஒன்றுகளாக வாங்க வேண்டும். இப்போது கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. கொடுத்தது போக மீதி 236. நடுவில் அந்த 9 எங்கிருந்து வந்தது என்பதைக் கை உணர்ந்த பிறகுதான் தாளுக்குப் போக வேண்டும். தினம் மூன்று கணக்கு, ஒரு வாரம். பிறகு இரண்டு பூஜ்யம் வரும் கணக்கு.

மீதியைப் பற்றிய கணக்கு சிறியதுதான், ஆனால் பார்க்க வேண்டியது. 50 பிள்ளைகள், ஒரு வேனில் 8 பேர், எத்தனை வேன் வேண்டும்? அவள் எழுதியது "6, மீதி 2". வகுத்தல் சரி. மீதி இரண்டு பேரை ரோட்டிலேயே விட்டுவிட முடியாது, 7 வேன் வேண்டும். இப்படிப்பட்ட பத்துக் கேள்வியை வாயால் பேசினாலே பழகிவிடும். சிலவற்றில் மீதியை விட்டுவிட வேண்டும், சிலவற்றில் ஒன்று கூட்ட வேண்டும், சிலவற்றில் மீதியே விடை.

மூன்று வழிகளையும் எடை போட்டால்

அபாகஸ் முதலில் விழுந்தது. அது கணக்குச் செய்யும் வேகத்தைக் கூட்டுவது. 24-இல் 22 சரியாகப் போடும் பிள்ளைக்கு வேகம் குறையில்லை. போன இரண்டிலும் வேகம் காரணம் அல்ல.

தெரு டியூஷனுக்கு வாரம் ஏழரை மணி நேரம். அதில் பெரும்பகுதி அன்றைய வீட்டுப்பாடத்தை முடிப்பதில் போகும். இங்கே ஒரு கெடுதல் சத்தமில்லாமல் நடக்கிறது: டியூஷனில் உதவியோடு போட்ட வீட்டுப்பாடம் மறுநாள் பள்ளியில் முழுசாகச் சரியாக இருக்கும். வகுப்பு ஆசிரியருக்குப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்றே தோன்றும். தேர்வு வரும் வரை யாருக்கும் தெரியாது. டியூஷன் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், அங்கே உதவியோடு போட்ட கணக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைக்கச் சொல்லிவிட்டால் ஆசிரியருக்கு உண்மை தெரியும்.

வாக்கியக் கணக்குக்கு டியூஷன்களில் சொல்லித் தரும் குறுக்கு வழி இன்னும் மோசம். "ஆல்டுகெதர் வந்தா கூட்டு, லெஃப்ட் வந்தா கழி, மோர் வந்தா கூட்டு." இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இது பலிக்கும். நான்காம் வகுப்பில் தோற்கும். மேலே பார்த்த 53 அப்படித்தான் வந்தது. பிள்ளை கேள்வியைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு சொல்லைத் தேடப் பழகிவிடுகிறது. இந்தப் பழக்கத்தை எடுக்க, புதிதாகச் சொல்லிக் கொடுப்பதைவிட அதிக நாள் ஆகும்.

வகுப்பு ஆசிரியரே தன் மாணவருக்கு டியூஷன் எடுப்பதாகச் சொன்னால், 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 28-ஆம் பிரிவில் ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடுத்திருக்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும். தயக்கமில்லாமல் மறுக்கலாம்.

பள்ளி மாற்றம் தனிக் கேள்வி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை (2010-ஆம் ஆண்டுச் சட்டம்), ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு (2020) ஆகியவை நல்ல காரணங்கள். அவற்றுக்காக மாற்றினால் அது யோசித்து எடுத்த முடிவு. கணக்குத் தேர்வில் 67 சதவீதம் வந்ததற்காக நடு வருடத்தில் மாற்றுவது அப்படி அல்ல. ஆங்கிலத்தில் பாதி கற்ற சொற்களை எல்லாம் அப்போது தமிழில் மறுபடி கற்க வேண்டியிருக்கும்.

ஆகவே இந்த நிகழ்வில் பொருத்தமான முடிவு: பன்னிரண்டு வாரம் டியூஷன் வேண்டாம், வீட்டில் தினம் 20 நிமிடம், வாரம் 5 நாள். டியூஷனின் ஏழரை மணி நேரத்துக்குப் பதில் வாரம் 100 நிமிடம்.

வீட்டில் 20 நிமிடம்

அம்மாவின் "எனக்கு இங்கிலீஷ் வராது" என்ற கவலைக்கு விடை மாநிலப் பாடநூலிலேயே இருக்கிறது. ஒரே வகுப்பின் கணக்குப் புத்தகம் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் இணையாக வருகிறது. மென்நகலாக இலவசமாகக் கிடைக்கிறது. நான்காம் வகுப்புப் புத்தகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் அதே பயிற்சி, அதே கணக்கு. அம்மா தமிழில் படிக்கிறார், மகள் ஆங்கிலத்தில் படிக்கிறாள். தெலுங்கு, கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த வீடுகளுக்குச் சிறுபான்மை மொழிப் பாடநூல்களும் உண்டு.

முதல் 5 நிமிடம் சொல் அட்டை. ஒரு பக்கத்தில் தனிச் சொல் எழுதக் கூடாது, முழு வாக்கியம் வேண்டும்: "சப்ட்ராக்ட் 25 ஃப்ரம் 80." மறுபக்கத்தில் வீட்டு மொழியில் அது, கீழே 80-ஐ மேலே வைத்து எழுதிய கணக்கு. வாரத்துக்கு ஐந்து அட்டைக்கு மேல் போகக் கூடாது. முதல் மாதத்துக்கு: சப்ட்ராக்ட் ஃப்ரம், லெஸ் தன், ஹௌ மெனி மோர், ஈச், டிஃபரன்ஸ், ப்ராடக்ட், ஷேர் ஈக்வலி, ரிமைண்டர், அட் லீஸ்ட், ஆல்டுகெதர். இவற்றில் டிஃபரன்ஸ், ப்ராடக்ட் இரண்டும் வழுக்கும். பேச்சில் "வித்தியாசம்", "பொருள்" என்று ஒரு அர்த்தம், கணக்கில் கழித்தலின் விடை, பெருக்கலின் விடை.

அடுத்த 10 நிமிடம் இரண்டே இரண்டு வாக்கியக் கணக்கு. ஆங்கிலத்தில் சத்தமாக வாசிக்கிறாள். புத்தகத்தை மூடிவிட்டு அவ்வாவுக்குத் தெலுங்கில் சொல்கிறாள், எண்களை மறந்தாலும் பரவாயில்லை, என்ன நடந்தது என்று சொன்னால் போதும். ஒரு படம் வரைகிறாள். பிறகு கணக்கு. கடைசியில் விடையை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக எழுதுகிறாள். எட்டுக் கணக்கு வேகமாகப் போடுவதைவிட இரண்டு கணக்கை இப்படிப் போடுவது மேல். அவசரப்படும் வீடுகள் மூடிச் சொல்லும் படியைத்தான் முதலில் விட்டுவிடும். மொழித் தவறுகள் வெளியே வருவதே அங்கேதான்.

கடைசி 5 நிமிடம் வாய்ப்பாடு. இங்கே மட்டும் ஒரு மொழியைத் தேர்ந்து அதிலேயே நிற்க வேண்டும். ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை வைத்து உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கி தம் சகாவோடு செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், துல்லியமான கணக்கு விடைகளை எந்த மொழியில் பழகினார்களோ அந்த மொழியில்தான் விரைவாக எடுக்க முடிந்தது. பள்ளியில் "டூ ஒன் ஸா டூ, டூ டூ ஸா ஃபோர்" என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு வீட்டில் "ஈரிரண்டு நான்கு" என்று இன்னொரு முறை ஏற்றினால் இரண்டும் மோதும். பொருளுக்கு வீட்டு மொழி, வாய்ப்பாட்டுக்குப் பள்ளி மொழி. (அந்த "ஸா" என்பது "டூஸ் ஆர்" தேய்ந்து வந்தது, ஒரு முறை விளக்கிச் சொன்னால் "இரண்டு இரண்டுகள் நான்கு" என்று பொருளும் சேர்ந்துவிடும்.)

ஆசிரியர் சந்திப்பில்

பெற்றோர் கூட்டத்துக்கு மதிப்பெண் அட்டையோடு போகாமல், நான்கு கூடையாகப் பிரித்த அந்தத் தாளோடு போக வேண்டும். "கணக்கில் வீக்கா இருக்கா" என்று பேச்சைத் தொடங்கினால் ஆசிரியருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. "ஈச், ஃப்ரம், மோர் வரும் கேள்வியில் மட்டும் நிற்கிறாள், மிஸ்" என்றால் அவரால் உதவ முடியும். கேட்கக்கூடியவை: அடுத்த பாடத்தின் கணக்குச் சொற்களை ஒரு வாரம் முன்பே தருவது, தேர்வில் கேள்வியை ஒரு முறை சத்தமாக வாசித்துக் காட்டுவது, பாடத்தின் மையக் கருத்தை ஒரே ஒரு முறையாவது தமிழில் சொல்வது.

"வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்று பதில் வரலாம். இதை ஏற்கக் கூடாது. அவ்வாவுக்கும் அம்மாவுக்கும் சரளமில்லாத மொழியில் பேசினால் கணக்கைப் பற்றிய பேச்சு சுருங்கி "யெஸ், நோ, ஃபினிஷ் இட்" என்று நின்றுவிடும். சந்தையில் விலை பேசுவதும், மீதிச் சில்லறை எண்ணுவதும், அரை மூட்டை ராகியை நாலு வீட்டுக்குப் பங்கு போடுவதும் வீட்டு மொழியில்தான் நடக்கின்றன. பிள்ளையின் கணக்கறிவு வேர் விட்டிருப்பது அங்கே.

டியூஷன் தேவைப்படும் இடம்

எல்லாப் பிள்ளைக்கும் இந்த முடிவு பொருந்தாது. இரண்டு வகுப்பு பின்தங்கியிருந்தால் தினமும் சொல்லித் தர ஒரு ஆள் வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்துக் கற்பித்தது. அதே கண்ணோடு பார்த்தால் போதும். நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் வீட்டு மொழியில் நான்கு கேள்வி: விரல் விடாமல் 8-உம் 7-உம் எவ்வளவு, 52-இலிருந்து 38 போனால் எவ்வளவு, ஆறு தட்டில் தட்டுக்கு நாலு இட்லி என்றால் எவ்வளவு, நானூற்று ஏழை எழுது. 407-ஐ 4007 என்று எழுதினால், அல்லது நான்கில் மூன்று தவறினால், சிக்கல் மொழியில் இல்லை. அப்போது டியூஷன் சரியான வழி. பெற்றோர் இருவருக்கும் ஷிஃப்ட் வேலை, வீட்டில் உட்கார யாரும் இல்லை என்றாலும் அப்படியே.

சேர்க்கும் முன் டியூஷன் மிஸ்ஸிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரு நேரத்தில் எத்தனை பேர், எத்தனை வகுப்பு கலந்து? எட்டுப் பேருக்கு மேல், நான்கு வகுப்பு கலந்து என்றால் அது வீட்டுப்பாடம் முடிக்கும் இடம். பிள்ளையின் பழைய விடைத்தாளைப் பார்ப்பாரா? தமிழிலோ தெலுங்கிலோ விளக்கிவிட்டு ஆங்கிலத்துக்குக் கொண்டு வருவாரா, அல்லது தமிழிலேயே நிறுத்திவிடுவாரா? தமிழிலேயே நின்றால் பிள்ளைக்கு அங்கே எல்லாம் புரியும், தேர்வில் ஒன்றும் வராது. மேலே கழித்தல் கணக்கில் பார்த்த அதே வழுக்கல்தான்.

நான்காம் வாரமும் எட்டாம் வாரமும்

ஒவ்வொரு நான்கு வாரமும் புதிதாக 12 வாக்கியக் கணக்கு, அதே கலவையில், உதவியில்லாமல். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் கூடை வாரியாக எண்ண வேண்டும். மொழிக் கூடை எட்டாம் வாரத்துக்குள் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்தால் இப்படியே போகலாம். நோட்டு விளையாட்டு இரண்டு வாரம் ஒழுங்காக நடந்தால் பூஜ்யக் கழித்தல் சரியாகிவிட வேண்டும். ஆகவில்லை என்றால் இட மதிப்புக்கே திரும்பிப் போக வேண்டும். எட்டாம் வாரத்திலும் மொழிக் கூடை அப்படியே இருந்தால், கணக்கு டியூஷன் தேடாமல் ஆங்கில வாசிப்புக்கு ஒரு ஆளைத் தேடுவது பொருத்தம்.

கடைசியாகக் கரைவது ஒப்பீட்டுக் கணக்கு இரண்டும்தான். "ரவியிடம் 15 கோலி இருக்கிறது. தங்கையிடம் இருப்பதைவிட இது 6 அதிகம். தங்கையிடம் எத்தனை?" தமிழிலேயே 21 என்றாள். "இன்று 48 கிலோ தக்காளி விற்றது, நேற்றைவிட 12 கிலோ குறைவு, நேற்று எவ்வளவு?" என்றதற்கு 36. அதிகம் என்ற சொல் கூட்டச் சொல்வதுபோலவும் குறைவு என்ற சொல் கழிக்கச் சொல்வதுபோலவும் ஒலிக்கிறது, கேட்பதோ நேர்மாறு. இங்கே மொழிபெயர்ப்பு உதவாது, படம்தான் உதவும். எண்ணைத் தொடும் முன் ஒரே ஒரு கேள்வி: "யாருகிட்ட ஜாஸ்தி?" ஜாஸ்தி இருப்பவருக்கு நீளமான பட்டை, அதன் கீழே மற்றவருக்குக் குட்டைப் பட்டை, இரண்டின் இடதுமுனையும் ஒரே நேரில். நீண்டு நிற்கும் துண்டில் 6 அல்லது 12. பிறகு தெரிந்த எண்ணை அதற்குரிய பட்டையில் எழுத வேண்டும். 15 நீளப் பட்டையில் விழுந்ததும் தங்கைக்கு 9 என்று தெரியும். 48 குட்டைப் பட்டையில் விழுந்ததும் நேற்று 60 என்று தெரியும். வாரம் நான்கு கணக்கு, மூன்று வாரம். அதில் இரண்டு இப்படித் தலைகீழாக வருபவை, இரண்டு நேரானவை. எல்லாமே தலைகீழாகக் கொடுத்தால் பிள்ளை படம் வரைவதை விட்டுவிட்டு "எதிரா போடணும்" என்று புதுக் குறுக்கு வழி கண்டுபிடித்துவிடும்.

ஐந்தாம் வகுப்பில் பின்னம் பெரிதாக வரும்போது மொழி மறுபடி குறுக்கே வரும். "த்ரீ பை ஃபோர்" என்ற ஒலியில் எதை எத்தனையாகப் பிரித்தோம் என்பது இல்லை. "நான்கில் மூன்று" என்பதில் இருக்கிறது. அவ்வாவுக்குப் பாவு (கால்), அர (அரை), முப்பாவு (முக்கால்) எல்லாம் தராசுக் கல்லோடு பழக்கம். கோடை விடுமுறையில் கடைக்குப் போகும்போது பாவு கிலோ பருப்பு, முப்பாவு கிலோ சர்க்கரை என்று சிறுமியையே கேட்டு வாங்க வைத்து, வீட்டுக்கு வந்ததும் அதை மேலும் கீழுமாக எழுத வைத்தால், ஜூனில் புத்தகம் திறக்கும்போது அந்தக் குறி அவளுக்கு முன்பே தெரிந்ததாக இருக்கும்.